வேலூரிலிருந்து சென்னைக்குள்: எங்கே இறங்குவது என்பதே முதல் கேள்வி

கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30-ம் தேதி திறக்கப்பட்டதிலிருந்து வேலூரில் ஒரு குழப்பம் நீடிக்கிறது. "இனிமேல் நம்ம ஊர் பஸ் எங்கே போய் நிற்கும்? கோயம்பேடா, கிளாம்பாக்கமா, குத்தம்பாக்கமா?" மருத்துவமனைக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் விசா நேர்காணலுக்கும் வேலைத் தேர்வுக்கும் போகிறவர்கள் இதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

கேள்வி நியாயமானது. ஆனால் பேருந்து எங்கே நிற்கும் என்பது அதில் பாதிதான். அங்கிருந்து நாம் போக வேண்டிய இடத்துக்கு எந்த வண்டி இருக்கிறது என்பது மறுபாதி. சென்னைப் பயணத்தில் நேரமும் பணமும் வீணாவது பெரும்பாலும் இந்த மறுபாதியில்தான். வேலூரிலிருந்து நகர எல்லை வரை வேகமாக வந்துவிட்டு, கடைசிப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ஆட்டோ பேரம் பேசிக்கொண்டு நிற்பவர்கள் ஏராளம். அதனால் அடிப்படையிலிருந்து தொடங்குவோம்.

நம் பக்கத்திலிருந்து இரண்டு வாசல்கள்

வடஆற்காட்டுப் பகுதியிலிருந்து சென்னைக்குள் நுழைய முக்கியமான வழிகள் இரண்டு.

1. ரயில் வழி. காட்பாடி, வாலாஜா ரோடு, அரக்கோணம், திருவள்ளூர், ஆவடி, பெரம்பூர், சென்ட்ரல். காட்பாடியிலிருந்து சென்ட்ரல் சுமார் 130 கி.மீ. இந்தப் பாதை நகரின் வடக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடுகிறது.

2. சாலை வழி. ராணிப்பேட்டை, வாலாஜாபேட்டை, காவேரிப்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர், பூந்தமல்லி, மதுரவாயல், கோயம்பேடு. இது மேற்குப் பக்கத்திலிருந்து நுழைகிறது.

இந்த வேறுபாட்டுக்கு வரலாறு உண்டு. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைதான் ஓடியது. அன்றைக்கு வணிகமும் துறைமுகமும் வடசென்னையில் இருந்தன, பாதையும் அங்கேயே போய்ச் சேர்ந்தது. 1873-ல் சென்ட்ரல் நிலையம் வந்தபோதும் அது அதே பக்கத்தில்தான் அமைந்தது. தெற்கே போகும் எழும்பூர், தாம்பரம் பாதையை வேறொரு கம்பெனி மீட்டர் கேஜில், அதாவது ஒரு மீட்டர் அகலத் தண்டவாளத்தில், நடத்தியது. நம் பக்கத்துப் பாதை அகலப் பாதை. இரண்டும் ஒரே நிலையத்தில் கலக்காமல் போனதற்கு இதுவே மூலக்காரணம். காட்பாடியில் ஏறி சென்ட்ரலில் இறங்குபவர் மாம்பலத்துக்கோ தாம்பரத்துக்கோ போக இன்றும் சாலையைக் கடந்து வேறு நிலையத்துக்குப் போக வேண்டியிருக்கிறது என்றால், அது 19-ம் நூற்றாண்டு முடிவின் தொடர்ச்சி.

பேருந்து நிலையம் மேற்கே நகர்ந்த கதை

ஒரு காலத்தில் வேலூர்ப் பேருந்து பாரிமுனை வரை போனது. உயர் நீதிமன்றமும் கோட்டையும் நடக்கும் தூரம். 2002-ல் கோயம்பேடு முனையம் திறக்கப்பட்டதும் வெளியூர்ப் பேருந்துகள் அங்கே மாறின. நகரின் நடுவிலிருந்து ஏறக்குறைய 10 கி.மீ. தள்ளி வந்தாயிற்று. அப்புறம் கோயம்பேடும் நெரிசலில் திணறியது. பேருந்துகளைத் திசைவாரியாகப் பிரிப்பது என்று முடிவானது.

- ஆந்திரப் பக்கம் போகும் பேருந்துகளுக்கு மாதவரம் (2018).
- ஜி.எஸ்.டி. சாலை வழியாகத் தென்மாவட்டங்களுக்குப் போகும் பேருந்துகளுக்கு கிளாம்பாக்கம் (2023).
- வேலூர், பெங்களூர் திசைக்குத் திட்டமிடப்பட்டது, திருமழிசையை அடுத்த குத்தம்பாக்கம். இது கோயம்பேட்டிலிருந்து இன்னும் சுமார் 20 கி.மீ. மேற்கே இருக்கிறது.

ஆக, "எல்லா வெளியூர் பஸ்ஸும் கிளாம்பாக்கம் போய்விட்டது" என்று பரவும் பேச்சு சரியல்ல. வண்டலூரைத் தாண்டி இருக்கும் கிளாம்பாக்கம் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வருகிறவர்களுக்கான இடமே அல்ல. நாம் கவனிக்க வேண்டிய பெயர் குத்தம்பாக்கம்.

நகரத்தின் பார்வையில் இந்த மாற்றம் சரியானது. நூற்றுக்கணக்கான பெரிய பேருந்துகள் தினமும் மதுரவாயல் சந்திப்பைக் கடந்து உள்ளே வருவது யாருக்கும் நல்லதல்ல. ஆனால் பயணியின் பார்வையில் கணக்கு வேறு. வேலூரில் ஏறி ஒரே இருக்கையில் உட்கார்ந்து நகரத்துக்குள் வந்தவர், இனி நகரத்துக்கு வெளியே இறங்கி மூட்டை முடிச்சோடு இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும். முனையம் ஒவ்வொரு முறை வெளியே தள்ளப்படும்போதும் நெரிசலின் செலவு சாலையிலிருந்து பயணியின் தோளுக்கு மாறுகிறது. மாநகரப் பேருந்தும் மெட்ரோவும் அந்த முனையத்தோடு எவ்வளவு நெருக்கமாக இணைகின்றன என்பதைப் பொறுத்துத்தான் அந்தச் செலவு குறையும்.

மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் 4-வது வழித்தடம் கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி பைபாஸ் வரை வருகிறது. பூந்தமல்லி நம் சாலையிலேயே இருக்கும் ஊர் என்பதால், இரண்டாம் கட்டத்தின் மூன்று வழித்தடங்களில் வேலூர்க்காரர்களுக்கு நேரடிப் பயன் தருவது இதுவே. அந்தப் பாதை முழுதும் ஓடத் தொடங்கியதும், போரூர், வடபழனி, கோடம்பாக்கம், தி.நகர் பக்கம் போக வேண்டியவர் பூந்தமல்லியிலேயே பேருந்தை விட்டுவிடலாம்.

சென்ட்ரலில் இறங்கினால்: ஒரே இடத்தில் ஐந்து நிலையங்கள்

வெளியூர்க்காரர் அதிகம் தடுமாறும் இடம் இது. "சென்ட்ரல்" என்று நாம் ஒரே பெயரில் சொல்லும் இடத்தில், ஒன்றுக்கொன்று நடக்கும் தூரத்தில், ஐந்து தனித்தனி நிலையங்கள் இருக்கின்றன. எது எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டால் சென்னைப் பொதுப் போக்குவரத்தில் பாதி புரிந்துவிடும்.

1. சென்ட்ரல் பெரிய நிலையம். நம் எக்ஸ்பிரஸ் வந்து நிற்பது இங்கேதான். 2019 முதல் இதன் அதிகாரப்பூர்வப் பெயர் எம்.ஜி.ஆர். பெயரில் இருக்கிறது. டிக்கெட்டிலும் ஆப்பிலும் நீளமான பெயரைப் பார்த்து வேறு நிலையமோ என்று பயப்பட வேண்டாம்.

2. மூர் மார்க்கெட் வளாகம். பெரிய நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் பக்கமும், கும்மிடிப்பூண்டி பக்கமும் போகும் மின்சார ரயில்கள் இங்கிருந்து கிளம்புகின்றன.

3. பூங்கா நிலையம், அதாவது பார்க் ஸ்டேஷன். சாலைக்கு எதிர்ப்புறம், அரசுப் பொது மருத்துவமனையின் பக்கம். கடற்கரை – தாம்பரம் – செங்கல்பட்டு மின்சார ரயில் இங்கே நிற்கும். எழும்பூர் அடுத்த நிலையமே. நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், மாம்பலம், கிண்டி, தாம்பரம் எல்லாம் இந்தப் பாதையில் வரும். 1931 முதல் மின்சார ரயில் ஓடும் பாதை இது.

4. பூங்கா நகர், அதாவது பார்க் டவுன். இதுவும் எதிர்ப்புறமே. கடற்கரை – வேளச்சேரி பறக்கும் ரயில் இங்கே நிற்கும். சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், கோட்டூர்புரம், திருவான்மியூர் போக இதுதான். திருவான்மியூர் நிலையத்தை விட்டு இறங்கினால் டைடல் பார்க் பக்கத்திலேயே இருக்கிறது. ஐ.டி. நிறுவன நேர்காணலுக்குப் போகும் வேலூர் மாணவர்களில் பலருக்கு இந்த ரயிலைப் பற்றித் தெரிவதில்லை. தெரியாமல் சென்ட்ரல் வாசலிலேயே கால் டாக்சி பிடிக்கிறார்கள். பெரிய தொகை வீணாகிறது.

5. சென்ட்ரல் மெட்ரோ. தரைக்கு அடியில் இருக்கிறது. நீலம், பச்சை இரண்டு வழித்தடங்களும் இங்கே சந்திக்கின்றன. நீல வழித்தடத்தில் ஒரு பக்கம் போனால் அடுத்த நிலையமே உயர் நீதிமன்றம். மறுபக்கம் போனால் அரசினர் தோட்டம், எல்.ஐ.சி., ஆயிரம் விளக்கு, டி.எம்.எஸ்., தேனாம்பேட்டை, சைதாப்பேட்டை, கிண்டி, ஆலந்தூர் வழியாக விமான நிலையம். பச்சை வழித்தடம் எழும்பூர், கீழ்ப்பாக்கம், ஷெனாய் நகர், அண்ணா நகர், திருமங்கலம், கோயம்பேடு, வடபழனி, அசோக் நகர் வழியாகப் பரங்கிமலை வரை போகிறது.

பார்க், பார்க் டவுன் இரண்டின் பெயரும் ஒன்றுபோலத் தோன்றுவதால் தவறு நடக்கிறது. தாம்பரம் பக்கம் என்றால் பார்க், வேளச்சேரி பக்கம் என்றால் பார்க் டவுன் என்று திசையை வைத்து நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

சாலையைக் கடக்கச் சுரங்கப்பாதை உண்டு. பெரியவர்களையோ நோயாளிகளையோ அழைத்துப் போகும்போது படிக்கட்டைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்கு மெட்ரோதான் வசதி. லிஃப்ட் இருக்கிறது, அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கினால் மருத்துவமனை அருகிலேயே.

சென்ட்ரல் வரை போகவே தேவையில்லாதவர்கள்

ரயில் என்றாலே கடைசி நிலையம் வரை போக வேண்டும் என்ற பழக்கம் நமக்கு இருக்கிறது. மூன்று வகைப் பயணிகளுக்கு அது வீண் சுற்று.

முதலாவது, அம்பத்தூர் தொழிற்பேட்டை, ஆவடி, வில்லிவாக்கம் பக்கம் போகிறவர்கள். இவர்கள் போகும் இடத்தைத் தாண்டி சென்ட்ரலுக்குப் போய், மின்சார ரயிலில் திரும்பி வருகிறார்கள். அரக்கோணத்திலேயே மின்சார ரயிலுக்கு மாறினால் போதும். அங்கிருந்தே கிளம்பும் வண்டிகள் இருப்பதால் உட்கார இடமும் கிடைக்க வாய்ப்பு அதிகம். எக்ஸ்பிரஸை விட மெதுவாகப் போகும் என்பது உண்மை. ஆனால் திரும்பி வரும் நேரம் மிச்சம்.

இரண்டாவது, பெரம்பூர், அயனாவரம், புரசைவாக்கம் பக்கம் போகிறவர்கள். பல எக்ஸ்பிரஸ்கள் பெரம்பூரில் நிற்கின்றன. அங்கிருந்து பெசன்ட் நகர் வரை போகும் 29சி பேருந்து நகரை வடக்கிலிருந்து தெற்காகக் குறுக்கே கடக்கிறது. அடையாறு போகிறவர்களுக்கும் மாறாமல் போக இது ஒரு வழி. நேரம் எடுக்கும், அதனால் அவசரமில்லாதவர்களுக்கே பொருந்தும்.

மூன்றாவது, தாம்பரம் பாதையிலோ பறக்கும் ரயில் பாதையிலோ போக வேண்டியவர்கள். இவர்களுக்கு ஒரு நல்ல வண்டி உண்டு, பலரும் அதைக் கண்டுகொள்வதில்லை. வேலூர் கன்டோன்மென்டிலிருந்து காட்பாடி, அரக்கோணம் வழியாகச் சென்னைக் கடற்கரைக்குப் போகும் மெமு என்னும் மின்சாரப் பயணிகள் ரயில் அது. 2024 மே முதல் திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. சென்ட்ரலுக்குள் போகாமல் கடற்கரை நிலையத்தில் முடிவதால், தாம்பரம் ரயிலுக்கும் வேளச்சேரி ரயிலுக்கும் அதே நிலையத்தில் மாறிக்கொள்ளலாம். சாலையைக் கடக்கும் வேலையே இல்லை. குறை என்னவென்றால், நம் ஊரிலிருந்து இப்படிப்பட்ட வண்டிகள் ஒரு நாளைக்கு மிகச் சிலவே. நேரம் ஒத்துவந்தால் மட்டுமே பயன்.

பேருந்தில் போனால்

தி.நகர், வடபழனி, போரூர், கிண்டி, அண்ணா நகர் மேற்கு என்று நகரின் மேற்குப் பாதியில் வேலை இருந்தால் பேருந்துதான் சிறந்தது. ரயிலில் போனால் வடக்கே இறங்கி மேற்கே திரும்பி வர வேண்டியிருக்கும்.

1. ஏறும் முன்பே கண்டக்டரிடம் "பூந்தமல்லி பைபாஸில் நிறுத்துவீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். நேரடி வண்டிகள் எல்லாம் இடையில் நிற்கும் என்று சொல்ல முடியாது.

2. பூந்தமல்லியில் இறங்கினால், போரூர், கிண்டி பக்கம் போக 54, குன்றத்தூர், பல்லாவரம் வழியாகத் தாம்பரம் போக 66 ஆகிய மாநகரப் பேருந்துகள் உண்டு. தாம்பரம் போகிறவர் கோயம்பேடு வரை உள்ளே போய், மறுபடி தெற்கே திரும்புவது தேவையில்லாத அலைச்சல்.

3. பேருந்து கோயம்பேடு வரை போய் அங்கே இறங்கினால், மெட்ரோ நிலையத்தின் பெயரைக் கவனியுங்கள். "கோயம்பேடு" ஒரு நிலையம். பேருந்து நிலையத்தை ஒட்டியிருக்கும் சி.எம்.பி.டி. வேறொரு நிலையம். திரும்பி வரும்போது கோயம்பேடு என்று டிக்கெட் எடுத்து முன்பே இறங்கிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு நடப்பவர்கள் உண்டு. வேலூர் வண்டி பிடிக்க இறங்க வேண்டியது சி.எம்.பி.டி.

4. பழைய மகாபலிபுரம் சாலை, சிறுசேரி பக்கம் போக கோயம்பேட்டிலிருந்து 570 வரிசைப் பேருந்துகள் உண்டு.

மாநகரப் பேருந்து எண்ணோடு வரும் எழுத்தை அலட்சியப்படுத்தக் கூடாது. ஒரே எண்ணில் எழுத்து மாறினால் வழியோ கடைசி நிறுத்தமோ மாறும். "கட்" என்று போட்டிருந்தால் அந்த வண்டி முழுத்தூரம் போகாமல் நடுவிலேயே முடியும். எண்ணை மட்டும் பார்த்து ஏறாமல் சேருமிடப் பலகையையும் படிப்பதுதான் பாதுகாப்பு.

வேகத்தை விட மாறுதல் முக்கியம்

போக்குவரத்துத் துறையில் இரண்டு கருத்துகள் உண்டு. ஒன்று சேவை இடைவெளி: ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவில் உள்ள நேரம். மற்றொன்று மாறும் நேரம்: ஒரு வண்டியை விட்டு இறங்கி, நடந்து, டிக்கெட் எடுத்து, அடுத்த வண்டி கிளம்பும் வரை ஆகும் மொத்த நேரம்.

அட்டவணை பார்க்காமல் போகிற பயணி சராசரியாகச் சேவை இடைவெளியில் பாதி நேரம் காத்திருப்பார். 10 நிமிடத்துக்கு ஒரு வண்டி என்றால் 5 நிமிடம், 40 நிமிடத்துக்கு ஒன்று என்றால் 20 நிமிடம். இதோடு நடையும் வரிசையும் சேர்ந்தால், நகரத்துக்குள் ஒவ்வொரு மாறுதலும் கால் மணி நேரத்தைச் சுலபமாக விழுங்கும். எனவே இரண்டு மாறுதல் உள்ள "வேகமான" வழியை விட, ஒரே மாறுதல் உள்ள மெதுவான வழி முன்னால் கொண்டுபோய் விடுவது அடிக்கடி நடக்கும். மேப் ஆப் காட்டும் நிமிடக் கணக்கில் சுரங்கப்பாதையின் கூட்டமோ, கையில் இருக்கும் பையோ, உடன் வரும் அம்மாவின் முழங்கால் வலியோ சேராது. அதை நாம்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமையில் இந்தக் கணக்கு மாறிவிடும். அன்றைக்கு மின்சார ரயில்கள் குறைவாக ஓடும். போட்டித் தேர்வுகள் பல ஞாயிறுகளில்தான் நடக்கின்றன என்பதால் தேர்வர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். மெட்ரோ காலை 5 மணியிலிருந்து இரவு 11 மணி வரை ஓடுகிறது.

டிக்கெட்: எது எதற்குச் செல்லும்

- மின்சார ரயில் டிக்கெட்டில் எக்ஸ்பிரஸில் ஏறக் கூடாது. அபராதம் விதிப்பார்கள். சாதாரண டிக்கெட் வைத்திருப்பவர் சூப்பர்ஃபாஸ்ட் வண்டியில் ஏறினால் அதற்கான கூடுதல் கட்டணம் தனி. கடற்கரை – செங்கல்பட்டுப் பாதையில் 2025 ஏப்ரல் முதல் ஓடும் ஏ.சி. மின்சார ரயிலுக்கும் கட்டணம் வேறு.

- மெட்ரோவில் குறைந்தபட்சம் 10 ரூபாய், அதிகபட்சம் 50 ரூபாய். மொபைலில் கியூஆர் டிக்கெட் எடுத்தால் 20 சதவீதத் தள்ளுபடி உண்டு.

- சிங்காரச் சென்னை அட்டை மெட்ரோவில் செல்லும். 2025 ஜனவரி முதல் மாநகரப் பேருந்திலும் செல்கிறது. மாதத்துக்கு ஒருமுறையாவது போகிறவர்களுக்குச் சில்லறைத் தொல்லை போய்விடும்.

- 2025 செப்டம்பரில் தொடங்கப்பட்ட 'சென்னை ஒன்' ஆப்பில் பேருந்து, மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே இடத்தில் வழி பார்த்து டிக்கெட் எடுக்கலாம். சென்னைப் பெருநகர ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமம், சுருக்கமாக கும்டா, நடத்தும் ஆப் இது. அதற்கான சட்டம் வந்தது 2010-ல். மூன்று நிர்வாகங்களை ஒரே திரையில் கொண்டுவர 15 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. தாமதம்தான், ஆனாலும் வெளியூர்க்காரருக்கு உள்ளூர்க்காரரை விட இது கூடுதலாக உதவும்.

- பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் முதல் இருக்கிறது. வேலூர் டவுன் பஸ்ஸில் போவது போலவே சென்னையின் சாதாரணக் கட்டணப் பேருந்திலும் வேலூர்ப் பெண்கள் டிக்கெட் செலவில்லாமல் போகலாம். எக்ஸ்பிரஸ், டீலக்ஸ், ஏ.சி. பேருந்துகளுக்கு இது பொருந்தாது.

வேலூர்ப் பக்கத்தில் விடுபட்டது

முனையம் மேற்கே போகப் போக, சென்னைக்கு ரயிலில் போவது இன்னும் சாதகமாகும். மத்தியச் சென்னைக்கும் வடசென்னைக்கும் போகிறவர்கள் காட்பாடியை நோக்கித் திரும்புவார்கள். அப்போது நெருக்கடி நம் ஊரில்தான் உண்டாகும், ஏனென்றால் வேலூருக்கும் காட்பாடி ஜங்ஷனுக்கும் நடுவில் பாலாறும் ஏழெட்டு கிலோமீட்டர் நெரிசலும் இருக்கின்றன.

பாகாயத்திலிருந்து காட்பாடி வரை ஓடும் 1, 2 எண் டவுன் பஸ்கள்தான் இந்த இணைப்பைத் தாங்குகின்றன. பகலில் அவை போதுமானவை. விடிகாலை எக்ஸ்பிரஸைப் பிடிக்கவும், இரவு தாமதமாக வந்து இறங்கவும் பேருந்து நம்பகமாக இருந்தால்தான் ரயில் எல்லோருக்குமான வசதியாகும். இல்லையென்றால் சென்ட்ரல் வரை கொடுக்கும் டிக்கெட் காசை விட வீட்டிலிருந்து காட்பாடிக்குக் கொடுக்கும் ஆட்டோ காசு அதிகமாகிவிடும். வண்டி வைத்திருப்பவர் ஸ்டேஷனில் நிறுத்திவிட்டுப் போய்விடுவார். தொரப்பாடியிலிருந்தோ சத்துவாச்சாரியிலிருந்தோ அரியூரிலிருந்தோ கூலி வேலைக்கும் சிகிச்சைக்கும் போகிறவர்தான் மாட்டிக்கொள்வார்.

சென்னைப் பக்கத்தில் முனையத்தை எங்கே வைப்பது என்பதில் வேலூருக்குக் குரல் குறைவு. மக்கள் குறைதீர்க் கூட்டத்திலும் மாநகராட்சி மன்றத்திலும் வைக்கக்கூடிய கோரிக்கைகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று, காட்பாடியில் நிற்கும் முதல் எக்ஸ்பிரஸுக்கு முன்பும் கடைசி எக்ஸ்பிரஸுக்குப் பின்பும் ரயில் நேரத்தோடு பொருத்திய டவுன் பஸ்கள். மற்றொன்று, முனையம் பூந்தமல்லிக்கு முன்பே இருக்கும் குத்தம்பாக்கத்துக்கு மாறினாலும், வேலூர் பேருந்துகள் எல்லாமே பூந்தமல்லி மெட்ரோ நிலையம் வரை வந்து போக வேண்டும் என்ற நிபந்தனை. குத்தம்பாக்கத்துக்குப் பேருந்துகளை மாற்றும் அரசாணையிலேயே இந்த இரண்டாவது நிபந்தனை இடம்பெற்றாக வேண்டும்.